முதலாளிக்குக் கேட்காத பாட்டு

“என் அக்கவுண்ட்ல கை வைக்கிற அளவுக்கு இங்க யாருக்குத் துணிச்சல் வந்துச்சு?”

முதலாளி வீசிய பேங்க் ஸ்டேட்மெண்ட் நேராக வந்து கணக்கின் டீ கிளாசைக் கவிழ்த்தது. டீ மேஜையில் ஓடி அவள் மடியில் சொட்டியது. அவள் அசையவில்லை. முதலாளி கத்தும்போது எழுந்து நின்றால் எதிர்த்து நிற்கிறாய் என்பார். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்பார். திமிருக்குத் திட்டு கொஞ்சம் குறைச்சல் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

கணக்கு என்பது அவள் பெயரல்ல. அந்த செக்யூரிட்டி ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறாள், அவ்வளவுதான். முதலாளி அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது தண்ணி கேன் போடுகிறவன்கூட “கணக்கு அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறான்.

“இதப் பாரு.” மோதிரம் போட்ட விரல் ஸ்டேட்மெண்ட்டில் ஒரு வரிமேல் வந்து உட்கார்ந்தது. மொபைல் கம்பெனியின் பெயர், அதன் வாலில் தலையும் புரியாமல் காலும் புரியாமல் நாலு இங்கிலீஷ் எழுத்து, பிறகு ஒரு நீள நம்பர். “போன் பில்லு மேல தனியா போயிருக்கு. அப்போ இது என்ன? போன மாசமும் இருக்கு. அதுக்கு முந்தின மாசமும் இருக்கு.”

தொகை ஒன்றும் பெரிசில்லை. முதலாளி தினம் போடும் வெற்றிலைச் செலவுக்குக் காணாது. ஆனால் தன் பையிலிருந்து போகும் காசு என்றால், அது எறும்பு தூக்கிக்கொண்டு போனாலும் அவர் பின்னாலேயே ஓடுவார்.

“தெரியல சார். விசாரிச்சுச் சொல்றேன்.”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் வீட்டுல ஒரு ஒட்டகம் மேயுதே, அதுக்கு மாசாமாசம் என் காசுல தீவனம். ரீசார்ஜ்!”

ஒட்டகம் என்றது அவள் புருஷனை. நெட்டை உடம்பு, நீளக் கழுத்து, நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடுகிற தலை. அவனும் அதே ஏஜென்சியில்தான். ஒரு கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் நைட் டியூட்டி வாட்ச்மேன்.

“என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்.”

“சத்தியத்தையெல்லாம் நீயே வெச்சுக்க. நான் சாப்பாட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள இது என்னன்னு எனக்கு விளங்கணும். விளங்கலைன்னா நீயும் வேணாம், உன் ஒட்டகமும் வேணாம். அவன் கதைதான் எப்படியும் இன்னிக்கு முடியப் போகுதே.”

அது பொய்யில்லை. ஒட்டகத்தின் வேலை அன்று காலையிலிருந்தே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்க விட்டவளும் அவள்தான்.

ராத்திரிக் காவலைச் சரிபார்க்க முதலாளி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சுற்றிப் பார்க்க ஆள் போட்டால் சம்பளம், வண்டி கொடுத்தால் பெட்ரோல். அதனால் ஒவ்வொரு வாட்ச்மேனும் மணிக்கு ஒரு தடவை முதலாளியின் போனுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒருத்தர் லைனில் இன்னொருத்தர் முட்டிக்கொள்ளாதபடி ஆளுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருந்தார். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவான்கள் என்பதால், அது தானாகக் கட் ஆகும்வரை போனைக் காதிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் போனைச் சைலண்ட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுவார். காலையில் அந்தப் போன் கணக்கின் மேஜைக்கு வரும். எந்த மணிக்கு யாருடைய கால் விட்டுப்போயிருக்கிறதோ, அங்கே அவள் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பாள். ஒரு புள்ளிக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். ஒரே மாதத்தில் மூன்று புள்ளி விழுந்தால் ஆள் வீட்டுக்கு. இந்த ஏற்பாட்டுக்காக வாட்ச்மேன்கள் முதலாளிக்கு ‘மிஸ்டு கால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழாமல்தான்.

நாலைந்து மாதமாகப் புள்ளிகள் கொசு மாதிரி பெருகிவிட்டன. பழைய ஆள், புது ஆள் என்றில்லை, எல்லோரும் தூங்கினார்கள். முதலாளிக்கு அதில் வருத்தமில்லை. பிடித்த சம்பளம் எங்கே போகிறது, அவர் பெட்டிக்குத்தானே? ஒட்டகத்துக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு. அன்று காலை மூன்றாவதை அவளே வைத்தாள். புருஷன் என்று சலுகை காட்டினாள் என்று ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது என்பதில் அவள் அவ்வளவு கண்டிப்பு.

சம்பள நாள். வாட்ச்மேன்கள் ஆபீஸ் வாசல் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டகம் டியூட்டி முடிந்து, வீட்டுக்கும் போகாமல், முதலாளியின் காலில் விழுவதா கையைப் பிடிப்பதா என்று யோசித்தபடி ஒரு ஓரத்தில் இருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

கணக்கு சேலையில் டீக் கறையோடு வெளியே வந்தாள்.

“ஏங்க, அந்தப் பாழாப்போன மூணு மணிக்கு என்னதான் பண்ணீங்க?”

“தூங்கிட்டேன்டி.”

“கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா? என்னமோ பொங்கிச் சாப்பிட்டேங்கிற மாதிரி சொல்றீங்க!”

“முதலாளி போன்ல ஒரு பொம்பளை பாடுறா, அதைக் கேட்டா கண்ணு சொக்குதுன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லிட்டேன்?”

“ஆமா, போன வாரம் சொன்னப்போ கரண்டியால வாங்கினீங்களே, மறந்து போச்சா? காவல் காக்கப் போன இடத்துல கனவு. கனவுல பொம்பளை வேற!”

பக்கத்தில் இருந்த மீசை மெல்ல வாயைத் திறந்தார். ஏஜென்சியிலேயே மூத்த வாட்ச்மேன், மீசையைத் தவிர அவரிடம் பயமுறுத்த வேறெதுவும் கிடையாது. “கணக்கு அக்கா, அது வந்து, பாட்டு நிஜமாவே...”

“நீங்க சும்மா இருங்க மீசை. உங்களுக்கும் ரெண்டு புள்ளி இருக்கு.”

மீசை வாயை மூடிக்கொண்டார்.

அவள் உள்ளே போய் முதலாளியின் போனிலிருந்தே கஸ்டமர் கேருக்கு அடித்தாள். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, காத்திரு, உன் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இழுத்தடித்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள். குரலில் தேன். அந்தப் பெண் ஸ்டேட்மெண்ட்டில் இருந்த நீள நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“அது காலர் ட்யூன் சார்ஜ் மேடம்.”

“அப்படின்னா?”

“உங்களுக்கு யாராவது கால் பண்ணினா, ரிங்குக்குப் பதிலா அவங்களுக்குக் கேக்குற பாட்டு மேடம். உங்களுக்குக் கேக்காது.”

“இந்தப் போன்ல யாரும் அப்படியெல்லாம் வைக்கலையேம்மா.”

“இந்த நம்பர்ல இருந்துதான் மேடம் வெச்சிருக்கீங்க. நீங்க வேற ஒருத்தருக்குக் கால் பண்ணும்போது, அவங்க பாட்டு பிடிச்சிருந்தா ஸ்டார் அழுத்துங்கன்னு சொல்லும். நீங்க ஸ்டார் அழுத்தியிருக்கீங்க. அதே பாட்டு உங்க நம்பருக்கும் வந்துடுச்சு. பணம் மாசாமாசம் உங்க அக்கவுண்ட்ல இருந்து தானா போயிடும்.”

“என்ன பாட்டு?”

“தாலாட்டு மேடம்.”

கணக்கின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

முதலாளியின் மகளுக்கு அந்த வருஷம்தான் குழந்தை பிறந்திருந்தது. அந்தப் பெண் தன் போனில் தாலாட்டு வைத்திருந்ததைக் கணக்கே கேட்டிருக்கிறாள், முதலாளி சொல்லி லைன் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம். மகள் குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டு போனை எடுக்கத் தாமதமானால் முதலாளிக்குப் பொறுக்காது. லிஃப்ட் வரவில்லை என்றால் பட்டனைக் குத்துவதுபோல, போனையும் கட்டை விரலால் குத்து குத்தென்று குத்துவார். எந்த எண், எந்த ஸ்டார் என்றெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

“நிறுத்தணுமா மேடம்? சரின்னு சொன்னா இப்பவே நிறுத்திடறேன்.”

நாக்கு நுனிவரை வந்த ‘சரி’யை அவள் விழுங்கிக்கொண்டாள். நிறுத்திவிட்டால் சாட்சி போய்விடும். பாட்டு இருந்தால்தான் முதலாளி தன் காதாலேயே கேட்டு நம்புவார். ரீசார்ஜ் திருடி என்ற பெயர் அப்போதுதான் போகும். தவிர, முதலாளியைக் கேட்காமல் அந்த ஆபீசில் அவள் ஒரு ஜன்னல்கூடத் திறந்ததில்லை.

“இருக்கட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்மா.”

பிறகு ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து முதலாளியின் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. ரிசீவரில் ஒரு பெண் பாடினாள். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பான குரல், தொட்டில் கயிறு போல ஒரே சீராகப் போய்ப் போய் வந்தது. கட் ஆகும்போது கணக்கு ஒரு கொட்டாவி விட்டிருந்தாள், அதுவும் பட்டப்பகலில். இதை ராத்திரி முழுக்க, மணிக்கு ஒரு தடவை, நாற்காலியில் தனியாக உட்கார்ந்து காதோடு வைத்துக் கேட்டால்?

அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். தன் தலையும் தப்பித்தது, புருஷன் தலையும் தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் சம்பளம் கொடுக்க வாட்ச்மேன்களை உள்ளே வரிசையில் நிறுத்தியபிறகு, எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“சார், அந்த சார்ஜ் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. யாரும் திருடல. நீங்களே வெச்சதுதான்.”

“நானா?”

அவள் லேண்ட்லைன் ஸ்பீக்கரைப் போட்டு ரீடயல் அழுத்தினாள். ஆபீஸ் முழுக்கத் தாலாட்டு நிரம்பியது. ‘ஆராரோ’ என்று அந்தப் பெண் இழுக்க இழுக்க, முதலாளியின் மேஜைமேல் அவர் போன் துடித்தது. அவர் போனையும் பார்த்தார், ஸ்பீக்கரையும் பார்த்தார். மகளுக்குப் போன் போட்டபோது ஸ்டாரைக் குத்தியது, அதற்குத்தான் மாதாமாதம் பணம் போகிறது என்று கணக்கு மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“இத நான் இன்னிக்குத்தான் கேக்குறேன்” என்றார் முதலாளி.

“நாங்க தினம் கேக்குறோம் சார்” என்றார் மீசை. “நீங்க வேணும்னேதான் வெச்சிருக்கீங்க, எங்களைச் சோதிக்கிறீங்கன்னு நெனச்சோம். அதான் யாரும் கேக்கல.”

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அடேய், இத்தனை மாசமா மிஸ்டு கால் நம்மள தொட்டில்ல போட்டு ஆட்டியிருக்காருடா!”

சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒட்டகம்கூட, கழுத்தை ஆட்டிக்கொண்டு சிரித்தான். கணக்கும் சிரித்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை. “மிஸ்டு கால்னா யாரு?” என்றார்.

சிரிப்பு குழாயை மூடினமாதிரி நின்றது.

அவருக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. முதலாளியின் முகம் சிவந்து, பிறகு மெல்ல வெளுத்து, பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான் கணக்குக்கு, இதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது.

“சரி, என் தப்புதான். ஒத்துக்கிறேன்” என்றார்.

“அப்போ சார், அந்தப் புள்ளியெல்லாம்...” என்றாள் கணக்கு. “இவருக்கு இன்னிக்கு விழுந்த மூணாவது புள்ளி...”

“அழிச்சுடலாம். பாட்டுதான் காரணம்னா அழிச்சுட வேண்டியதுதான். பாட்டுதான் காரணமா, இல்ல ஆளே சோம்பேறியான்னு மட்டும் பாத்துடலாம். டேய் ஒட்டகம், இங்க வா.”

ஒட்டகம் வந்தான். முதலாளி தன்னுடைய சுழல் நாற்காலியை, மெத்தை வைத்தது, தானே இழுத்து ஏ.சி.க்கு நேராகப் போட்டார். “உக்காரு.”

“வேணாம் சார்.”

“அட உக்காருப்பா, மாப்பிள்ளை மாதிரி. பத்து ரிங், ஒவ்வொண்ணும் தானா கட் ஆகுற வரைக்கும். உன் பொண்டாட்டியே அடிப்பா. பத்தும் முழுசா கேட்டுட்டு எழுந்து எனக்கொரு சல்யூட் அடி. மூணு புள்ளியும் அழிச்சு, பிடிச்ச சம்பளத்தையும் கையில குடுக்கிறேன். இவனுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். நடுவுல கண்ண மூடினா, இவன் வீட்டுக்கு. உங்க புள்ளியும் அப்படியே இருக்கும். பட்டப்பகல், பத்தே ரிங். இதுகூட முடியாதவனுக்கு எதுக்குய்யா யூனிஃபார்ம்?”

வாட்ச்மேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “முடியும்டா ஒட்டகம்! பகல்தானே!” என்று ஒருத்தன் முதுகில் தட்டினான். இதோ போச்சு, இதோ வந்தாச்சு என்று ஆளுக்கு ஆள் தைரியம் சொன்னார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, வயிற்றில் ஒன்றுமில்லாமல் வந்திருக்கிற ஆள் என்பதை மீசை ஒருவர்தான் முனகினார். அது யார் காதிலும் ஏறவில்லை. எல்லோருக்கும் பிடித்தம் திரும்பி வரப்போகிறதே.

முதலாளி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். “வெயில் கண்ணுல குத்தப் போகுது பாவம்” என்றார்.

“ஆரம்பி, கணக்கு.”

முதல் ரிங். ஒட்டகம் கண்ணை அகல விரித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான். இரண்டாவதில் தொடையைக் கிள்ளிக்கொண்டான். மூன்றாவதில் உதட்டைக் கடித்தான். தொட்டில் போய்ப் போய் வந்தது. ஏ.சி. காற்று அவன் முகத்திலேயே அடித்தது. நாலாவது முடிந்தபோது தலை ஒரு பக்கமாகச் சரிந்து, திடுக்கென்று நிமிர்ந்தது.

“முழிச்சுக்கடா!” என்று வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

“சத்தம் கூடாது” என்றார் முதலாளி. “ராத்திரி அங்க யார் வந்து கத்துறாங்க? இனி யாராவது சத்தம் போட்டா, இருமினா, தும்மினா, அவனும் இவனோடயே போகலாம்.”

ஐந்து. ஒட்டகம் மனைவியைப் பார்த்தான். தண்ணீரில் மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை. கணக்கின் முழங்கைக்குப் பக்கத்தில் கனமான பித்தளைப் பேப்பர் வெயிட் இருந்தது. லேசாகத் தட்டினால் போதும், தரையில் விழுந்து ஆபீசே அதிரும். அவள் முழங்கையை நகர்த்தினாள்.

“கணக்கு” என்றார் முதலாளி, ரொம்ப மெதுவாக. அவர் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை. ஆரம்பத்திலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அது விழுந்துச்சுன்னா, உன்னையும் வேலைய விட்டு அனுப்புற லெட்டர் அடிக்க வேற ஆள் தேடணும்.”

அவள் முழங்கை நின்றது.

ஆறு. அவளுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. ஒரு சம்பளமாவது வீட்டுக்கு வந்தாக வேண்டும். முதலாளிமேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்த நீளக் கழுத்தின்மேல்தான் வந்தது. இன்னும் நாலே ரிங், பாவி மனுஷா, நாலே நாலு, இதுக்குக்கூடவா உங்களுக்கு வக்கில்ல என்று மனசுக்குள் கரண்டியைத் தூக்கினாள்.

ஏழாவது ரிங்கில் ஒட்டகத்தின் கண் மூடியது. கழுத்து மெல்ல மெல்ல வளைந்து, மெத்தையில் கன்னம் பதிந்தது. வாய் சற்றே திறந்துகொண்டது. உதட்டில் கடித்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம். அதற்குமேல் ஒரு சின்னச் சிரிப்பு.

யாரும் இருமவில்லை. மீசை கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கணக்கும் இருமவில்லை.

“அடி” என்று சைகை காட்டினார் முதலாளி. எட்டு. ஒன்பது. பத்து. சொன்ன சொல் சுத்தமாக இருக்க வேண்டுமாம். பத்தும் முடிகிறவரை அவள் ரீடயலை அழுத்தினாள். பத்தும் முடிகிறவரை அவன் தூங்கினான்.

“பாத்தீங்கல்ல?” முதலாளி வரிசையைப் பார்த்துக் கிசுகிசுத்தார். “பாட்டு மேல பழிய போடாதீங்க. கணக்கு, இந்தப் பாட்டு அப்படியே இருக்கட்டும். சம்பளம் கேக்காத சூப்பர்வைசர், வேற எங்க கிடைக்கும்? அந்த சார்ஜ எல்லார் சம்பளத்துலயும் பிரிச்சுப் பிடிச்சுடு. இவனுக்கு லெட்டர் அடிச்சு வை, சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “எழுப்பாதே. நல்லா தூங்கட்டும் பாவம்.”

சம்பளம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது நாற்காலியைப் பார்த்து ஒருத்தன் பல்லைக் கடித்தான். “பத்து ரிங் தாக்குப்பிடிக்க முடியல. என் ஒரு நாள் சம்பளம் போச்சு இவனால” என்றான். முதலாளியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்கு லெட்டரை அடித்தாள். ஒரு பிழை இல்லை. பிரிண்டர் கர்ரென்று இரைந்தது. அதற்கும் அவன் அசையவில்லை. பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோளைத் தொட்டு உலுக்கினாள்.

ஒட்டகம் விருட்டென்று எழுந்தான். கால் இடறியது. யார் எங்கே என்று தெரியாமலே கையை நெற்றியில் வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். காலி அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“பத்தும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“எல்லாருக்கும் புள்ளிய அழிச்சுட்டாராடி?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய மேல் பட்டனைப் பார்த்தபடி கையை நீட்டினாள்.

“சட்டையைக் கழட்டிக் குடுங்க. யூனிஃபார்ம் ஆபீசோடது.”